நாளைய மிகப்பெரிய நகரம் எது? கணிப்பின் கணக்கும் அதன் வரம்பும்

உலகின் மிகப்பெரிய நகரம் டோக்கியோ என்பது, 1950களின் நடுப்பகுதியில் அது நியூயார்க்கை முந்தியது முதல், ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளிவிவரங்களில் அசையாத செய்தியாக இருந்துவந்தது. அந்த அவையின் பொருளாதார, சமூக விவகாரத் துறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியிடும் உலக நகரமயமாதல் அறிக்கையின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, டோக்கியோவில் 3.7 கோடி மக்களும் தில்லியில் 2.9 கோடி மக்களும் வாழ்வதாகக் கணக்கிட்டு, 2028ஆம் ஆண்டையொட்டித் தில்லி முதலிடத்தைப் பிடிக்கும் என்று கணித்தது. 2025 நவம்பரில் வெளியான அடுத்த பதிப்போ, முதலிடத்தில் இருப்பது ஏறத்தாழ 4.2 கோடி மக்கள் வாழும் ஜகார்த்தா என்றும், இரண்டாமிடம் 3.7 கோடியை நெருங்கும் டாக்காவுக்கு என்றும், டோக்கியோ 3.3 கோடியுடன் மூன்றாமிடத்துக்கும் தில்லி 3 கோடியுடன் நான்காமிடத்துக்கும் உரியவை என்றும் அறிவித்ததோடு, 2050இல் டாக்காவே முதலிடத்தில் இருக்கும் என்று கூறியது.

ஏழே ஆண்டுகளில் ஜகார்த்தாவுக்குள் 3 கோடிப் பேர் குடியேறிவிடவில்லை. டோக்கியோவிலிருந்து 40 லட்சம் பேர் வெளியேறிவிடவும் இல்லை. நகரம் என்று எதைக் கொள்வது என்ற வரையறை மாறியது. அதனுடன் தரவரிசையும் மாறியது. வரும் பத்தாண்டுகளில் எந்த நகரம் மிகப்பெரியதாக இருக்கும் என்ற கேள்வி, பார்வைக்கு எதிர்காலத்தைப் பற்றிய ஒரே கேள்வியாகத் தோன்றினாலும், உண்மையில் அதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன. நகரம் எங்கே முடிகிறது, அந்த எல்லைக்குள் இன்று எத்தனை பேர் வாழ்கிறார்கள், இனி அந்த எண்ணிக்கை எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்பவை அவை. இவற்றுள் மூன்றாவது மட்டுமே எதிர்காலத்தைச் சார்ந்தது. ஆனால் தரவரிசையின் தலையெழுத்தை முதல் இரண்டும் தீர்மானிக்கும் அளவுக்கு மூன்றாவது பல வேளைகளில் தீர்மானிப்பதில்லை.

நகரத்தின் எல்லை

நகரத்தை வரையறுப்பதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது, மாநகராட்சி போன்ற ஆட்சி அமைப்பின் சட்டப்படியான எல்லை. இரண்டாவது, ஆட்சி எல்லைகளைப் பொருட்படுத்தாமல் கட்டடங்கள் இடைவெளியின்றித் தொடரும் வரையுள்ள பகுதி முழுவதையும் ஒன்றாகக் கொள்ளும் நகர்ப்புறத் திரள். மூன்றாவது, நாள்தோறும் வேலைக்காக மையநகருக்கு வந்துபோவோர் வாழும் ஊர்களையும் சேர்த்துக்கொள்ளும் பெருநகர வட்டாரம். ஒரே நகரத்துக்கு இம்மூன்றும் மூன்று வெவ்வேறு எண்களைத் தரும்.

சீனாவின் சோங்சிங் மாநகரம் இதற்கு எல்லைமீறிய எடுத்துக்காட்டு. அதன் ஆட்சி எல்லைக்குள் 2020 கணக்கெடுப்பின்படி 3.2 கோடி மக்கள் வாழ்வதால், அது உலகின் மிகப்பெரிய நகரம் என்று அவ்வப்போது எழுதப்படுகிறது. ஆனால் அந்த எல்லைக்குள் அடங்கும் பரப்பு ஏறத்தாழ 82,400 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல். மலைகளும் வயல்களும் நூற்றுக்கணக்கான சிற்றூர்களும் அதற்குள் இருக்கின்றன. சென்னையின் நிலை இதற்கு நேரெதிரானது. 2011 கணக்கெடுப்பில், அன்றைய மாநகராட்சி எல்லையான சுமார் 175 சதுர கிலோமீட்டருக்குள் 46 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் இருந்தனர். அதே ஆண்டில் 426 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்ட எல்லையைக் கொண்டு பார்த்தால் அந்த எண் ஏறத்தாழ 67 லட்சம் ஆகிறது. நகர்ப்புறத் திரளாகக் கொண்டால் 86.5 லட்சம் ஆகிறது. சென்னைப் பெருநகரத் திட்டப்பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022இல் விரிவாக்கப்பட்டதை அடிப்படையாகக் கொள்வோருக்கு இவை எல்லாவற்றினும் பெரிய எண் கிடைக்கும்.

ஐநாவின் பழைய முறை, ஒவ்வொரு நாடும் தன் நகரங்களைத் தானே வரையறுத்துத் தரும் புள்ளிவிவரத்தைப் பெரிதும் ஏற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வாழும் குடியிருப்பே நகர்ப்புறமாகிவிடும். இந்தியாவில் நகராட்சி, பேரூராட்சி போன்ற சட்டத் தகுதி இல்லாத ஓர் ஊர் நகர்ப்புறமாகக் கருதப்பட, அங்கே குறைந்தது 5,000 மக்கள் வாழ வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் வேளாண்மைக்கு வெளியே வேலை செய்ய வேண்டும். இவ்வாறு நாட்டுக்கு நாடு வேறுபடும் வரையறைகளால் கிடைத்த எண்களை ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது, வெவ்வேறு மரக்கால்களால் அளந்த நெல்லை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு நிகரானது. 2018 பதிப்பில் டோக்கியோ என்பது யோகோஹாமா முதலிய பக்கத்து நகரங்களை உள்ளடக்கிய பெருவட்டாரம். தில்லி என்பது காசியாபாத், நொய்டா, ஃபரீதாபாத், குர்கான் ஆகியவற்றையும் சேர்த்த திரள். ஜகார்த்தாவோ ஏறத்தாழ 660 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தலைநகர ஆட்சிப்பகுதி மட்டும். எனவே அந்தப் பட்டியலில் ஜகார்த்தாவின் மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றே தாண்டியதாக இருந்ததில் வியப்பில்லை.

2025 பதிப்பு கையாண்ட முறை, 2020 மார்ச்சில் ஐநா புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட, நகரமயமாதல் படிநிலை எனப்படும் முறையாகும். இதில் நிலப்பரப்பு முழுவதும் ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. குறைந்தது 1,500 பேர் வாழும் கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு தொடர்ந்து, அவற்றின் மொத்த மக்கள்தொகை 50,000ஐ எட்டினால், அந்தத் தொகுதி முழுவதும் ஒரே நகரமாகிறது. மாவட்ட எல்லை, மாநில எல்லை எதுவும் இதில் குறுக்கே வருவதில்லை. இந்தக் கணக்கில் ஜகார்த்தாவுடன் போகோர், டெபோக், தாங்கெராங், பெகாசி ஆகிய ஊர்களும் அவற்றைக் கடந்த நெருக்கமான குடியிருப்புகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் அதன் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. மும்பை முதல் பத்து இடங்களிலேயே இல்லாமல் போய், கொல்கத்தா அதற்குள் இடம்பெறுவதும் இதே முறையின் விளைவுதான்.

எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோல் என்ற வகையில் இது பெரிய முன்னேற்றம் என்றாலும், இதற்கும் ஒரு சாய்வு உண்டு. வங்கதேசத்தின் சராசரி மக்கள் நெருக்கமே சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேரைத் தாண்டுகிறது. நாட்டின் சராசரியே நகரத்துக்கான வரம்பை இவ்வளவு நெருங்கி நிற்கும்போது, நெல் விளையும் ஊர்களும்கூடச் சங்கிலித்தொடராக ஒரு நகரத்துடன் இணைந்துகொள்ள வாய்ப்புண்டு. ஜாவா தீவுக்கும் கங்கைச் சமவெளிக்கும் இது பொருந்தும். அகன்ற மனைகளில் தனித்தனி வீடுகளாகப் பரந்து கிடக்கும் அமெரிக்கப் புறநகர்களோ, அங்கு வாழ்வோர் ஒவ்வொரு நாளும் மையநகரில் வேலை செய்தாலும், நெருக்கம் குறைவு என்பதால் இதே கணக்கிலிருந்து விலகிவிடக்கூடும். ஆசிய நகரங்கள் திடீரென்று பட்டியலின் உச்சிக்கு ஏறியதில் வரையறையின் பங்கும் கலந்திருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

எண்ணப்படாத மக்கள்

எல்லை எங்கே என்று முடிவான பின்னரும், அதற்குள் இன்று எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் நாளைய கணக்கைத் தொடங்க முடியும். இந்த நூற்றாண்டின் நகர வளர்ச்சியில் பெரும்பங்கு பெறப்போகும் நாடுகள் பலவற்றில் அந்தத் தொடக்க எண்ணே உறுதியாக இல்லை. காங்கோ சனநாயகக் குடியரசு 1960இல் விடுதலை பெற்ற பிறகு ஒரே ஒரு முறை, 1984இல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியது. அதன் தலைநகரான கின்ஷாசா ஆப்பிரிக்காவின் மாபெரும் நகரங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குக் காட்டப்படும் ஒவ்வொரு எண்ணும், நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பிலிருந்து வளர்ச்சி விகிதங்களைக் கொண்டு இழுத்து நீட்டப்பட்ட மதிப்பீடே.

நைஜீரியாவில் கணக்கெடுப்பு நடந்தும் ஐயம் தீரவில்லை. அந்நாட்டின் கடைசிக் கணக்கெடுப்பு 2006இல் நடைபெற்றது. அதன்படி லாகோஸ் மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 90 லட்சம். வடக்கிலுள்ள கானோ மாநிலத்தின் எண் அதைவிடச் சற்று அதிகம். இதை ஏற்க மறுத்த லாகோஸ் மாநில அரசு, தான் தனியாக எடுத்த கணக்கின்படி தன் மக்கள்தொகை 1.75 கோடி என்றது. நாடாளுமன்றத் தொகுதிகளும் நடுவண் அரசின் வருவாய்ப் பங்கும் மக்கள்தொகையையொட்டிப் பிரிக்கப்படும் நாட்டில், தலைகளை எண்ணுவது அரசியல் போட்டியாக மாறிவிடுவது இயல்பே. ஏறத்தாழ இருமடங்கு வேறுபடும் இந்த இரு எண்களில் எதிலிருந்து தொடங்குவது என்பதைப் பொறுத்து, 2050ஆம் ஆண்டின் லாகோசுக்கான கணிப்பும் இருமடங்கு மாறும்.

இந்தியாவிலும் 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகியவற்றுக்கு இதுவரை தரப்பட்டுள்ள கணிப்புகள் யாவும் 2011ஆம் ஆண்டின் எண்களையே வேராகக் கொண்டவை. செயற்கைக்கோள் படங்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம், விண்ணிலிருந்து எடுக்கப்பட்ட படங்களைக் கொண்டு பூமியின் கட்டடப் பரப்பு முழுவதையும் வரைபடமாக்கி, நாட்டின் மக்கள்தொகையை அந்தக் கட்டடங்களின் பரவலுக்கேற்பப் பகிர்ந்தளிக்கிறது. 2025 பதிப்பின் அடித்தளமும் இத்தகைய தரவுகளே. ஆனால் செயற்கைக்கோளால் கூரைகளைக் காண முடியுமே தவிர, ஒவ்வொரு கூரையின் கீழும் எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்பதை அறிய இயலாது. ஒரே அளவுள்ள கட்டடம் ஓரிடத்தில் கிடங்காகவும் வேறோரிடத்தில் ஐம்பது தொழிலாளர் தங்கும் விடுதியாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வீடுவீடாகச் செல்லும் கணக்கெடுப்பாளரே வேண்டும்.

மெக்சிகோ நகரம்: பொய்த்துப்போன ஒரு கணிப்பு

ஒரு நகரத்தின் மக்கள்தொகை மூன்று வழிகளில் பெருகுகிறது. இறப்பைவிடப் பிறப்பு மிகுவதால் விளையும் இயற்கை அதிகரிப்பு ஒன்று. வெளியூர்களிலிருந்து குடியேறுவோர் இரண்டு. இதுவரை ஊரகமாக இருந்த பகுதிகள் நகரத்துடன் சேர்க்கப்படும் மறுவகைப்படுத்தல் மூன்று. வேலை தேடி வரும் மக்கள்கூட்டத்தால்தான் நகரங்கள் வீங்குகின்றன என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, வளரும் நாடுகளின் நகர வளர்ச்சியில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு இயற்கை அதிகரிப்பால் நிகழ்ந்தது என்று மக்கள்தொகையியலாளர் சாமுவேல் பிரெஸ்டன் 1979இல் எடுத்துக்காட்டினார்.

ஐநா நீண்டகாலம் கையாண்ட முறை, இம்மூன்றையும் தனித்தனியே கணிக்காமல், நகர்ப்புற வளர்ச்சி விகிதத்துக்கும் ஊரக வளர்ச்சி விகிதத்துக்கும் இடையே அண்மைக் காலத்தில் காணப்பட்ட வேறுபாட்டை எதிர்காலத்துக்கும் நீட்டித்தது. நாட்டின் நகர்ப்புற மக்கள் விகிதம் உயர உயர அந்த வேறுபாடு படிப்படியாகத் தணியும் என்றும், நகரம் பெரிதாகப் பெரிதாக அதன் வளர்ச்சி மெதுவாகும் என்றும் அதற்குள் திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. ஆயினும் அண்மைக் காலத்தின் போக்கே வருங்காலத்தின் வழிகாட்டி என்பதுதான் இம்முறையின் உட்கரு.

அந்தப் போக்கு முறியும்போது என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ நகரம் சான்றாக நிற்கிறது. 1980இல் வெளியான ஐநா ஆய்வு, 2000ஆம் ஆண்டில் அந்நகரம் சுமார் 3.1 கோடி மக்களுடன் உலகின் முதல் நகரமாகும் என்றும், பிரேசிலின் சாவோ பாவ்லோ ஏறத்தாழ 2.6 கோடியுடன் அதைத் தொடரும் என்றும் கணித்தது. 2000ஆம் ஆண்டு வந்தபோது மெக்சிகோ நகரத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 1.8 கோடிப் பேர். சாவோ பாவ்லோவில் 1.7 கோடிப் பேர். அதே ஆய்வு டோக்கியோ–யோகோஹாமாவுக்குக் கணித்தது 2.4 கோடி, பின்னாளில் எல்லையை விரித்து வரைந்தபோது அதே 2000ஆம் ஆண்டுக்கு ஐநா காட்டிய எண் 3.4 கோடி. முதல் இரண்டும் வளர்ச்சியைக் கணித்ததில் நேர்ந்த பிழை. மூன்றாவதில் எல்லை மாறியதன் விளைவு பெரிது.

பிழையின் அளவு பெரிதாகத் தோன்றினாலும் அதன் மூலம் சிறியது. மெக்சிகோ நகரத்தின் மக்கள்தொகை 1970இல் ஏறக்குறைய 88 லட்சம். அது ஆண்டுக்கு 4 விழுக்காடு வீதம் முப்பது ஆண்டுகள் வளர்ந்தால் கூட்டுவட்டிக் கணக்குப்படி 2.85 கோடியாகும், 2.5 விழுக்காடு வீதம் வளர்ந்தால் 1.85 கோடியாகும். ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காட்டு வேறுபாடு, முப்பது ஆண்டுகளில் ஒரு கோடி மக்களாகப் பெருகிவிடுகிறது.

அந்த ஒன்றரை விழுக்காடு குறைந்ததற்குக் காரணங்கள் பல. 1970இல் மெக்சிகோவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. அந்நாட்டு அரசு 1974இல் மக்கள்தொகைச் சட்டம் ஒன்றை இயற்றிக் குடும்பக் கட்டுப்பாட்டைப் பரப்பியதற்குப் பிறகு, நூற்றாண்டின் முடிவில் அந்தச் சராசரி மூன்றுக்கும் கீழே வந்தது. 1982இல் வெடித்த கடன் நெருக்கடி தலைநகரின் தொழிற்சாலைகளைப் பாதித்தது. 1985 செப்டம்பர் 19 அன்று நிகழ்ந்த நிலநடுக்கம் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்து, நகரத்தை விட்டு வெளியேறுவோரின் எண்ணிக்கையைக் கூட்டியது. அதே காலத்தில் அமெரிக்க எல்லையையொட்டிய திஹுவானா, சியுதாத் ஹுவாரெஸ் போன்ற ஊர்களில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகி, முன்பு தலைநகரை நோக்கிச் சென்ற இளைஞர்களை வடக்கே இழுத்தன. இவற்றுள் பிறப்பு விகிதத்தின் சரிவை ஓரளவு முன்கூட்டி உணர்ந்திருக்கலாம். கடன் நெருக்கடியையும் நிலநடுக்கத்தையும் எந்த வாய்பாட்டாலும் முன்னுரைத்திருக்க முடியாது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஐநாவின் பழைய நகரக் கணிப்புகளைப் பின்னாளைய உண்மைகளுடன் ஒப்பிட்டு, வளரும் நாடுகளைப் பொறுத்தவரை அவை மிகைப்படுத்தும் பக்கமே பெரிதும் சாய்ந்திருந்ததாகக் கண்டது.

வாய்பாட்டுக்குள் அடங்காத அதிர்ச்சிகள்

நகரங்களின் அளவுகளில் ஓர் ஒழுங்கு இருப்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் அவர்பாக் 1913இலேயே கவனித்தார். அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் ஸிப்ஃப் 1949இல் அதைப் பரவலாக அறியச் செய்தார். ஒரு நாட்டின் நகரங்களை அளவுப்படி வரிசைப்படுத்தினால், இரண்டாம் நகரம் முதல் நகரத்தில் ஏறத்தாழப் பாதியாகவும், மூன்றாவது மூன்றில் ஒன்றாகவும், பத்தாவது பத்தில் ஒன்றாகவும் அமைய முற்படுகின்றன என்பது அவ்விதி. நகரங்கள் தம் அளவைச் சாராத தற்செயலான விகிதங்களில் வளர்ந்தாலே இத்தகைய ஒழுங்கு தானாக உருவாகும் என்று பொருளியலாளர் சேவியர் கபெய் 1999இல் விளக்கினார்.

ஆனால் இந்த ஒழுங்கு எந்த நகரம் எந்த இடத்தில் இருக்கும் என்பதைச் சொல்வதில்லை. பிரித்தானிய ஆய்வாளர் மைக்கேல் பேட்டி 2006இல், நீண்டகாலத் தரவுகளைக் கொண்டு, வரிசையின் மொத்த வடிவம் நிலையாக இருக்கும்போதே அதற்குள் நகரங்களின் இடங்கள் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதைக் காட்டினார். 1950இல் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த டெட்ராய்ட், 2010இல் 7 லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கியது அத்தகைய மாற்றங்களுள் ஒன்று. பிரெஞ்சு ஆய்வாளர்களான வான்சான் வெர்பாவாட்ஸ், மார்க் பார்த்தெலமி இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம் கூறுகிறது. நகரங்களுக்கிடையே ஆண்டுதோறும் நிகழும் சிறுசிறு இடப்பெயர்வுகளைவிட, எப்போதாவது ஒருமுறை பெரும் அளவில் நிகழும் இடப்பெயர்வு அதிர்ச்சிகளே நகரங்களின் ஏற்றத்தாழ்வைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்களது முடிவு.

இந்தியத் துணைக்கண்டத்தின் வரலாறு இம்முடிவுக்கு வலுச்சேர்க்கிறது. 1941 கணக்கெடுப்பில் தில்லி மாகாணத்தின் மக்கள்தொகை 9.2 லட்சம், 1951இல் அது 17.4 லட்சம். அதே பத்தாண்டில் கராச்சி 4 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 10 லட்சத்தைத் தாண்டியது. 1941இன் எண்களை மட்டும் கையில் வைத்திருந்த எந்தக் கணிப்பாளரும், ஆறே ஆண்டுகளில் நாடு இரண்டாகப் பிரிந்து, இரு திசைகளிலும் இலட்சக்கணக்கான ஏதிலிகள் இந்த இரு நகரங்களுக்குள் வந்துசேர்வார்கள் என்று எழுதியிருக்க மாட்டார். இன்றைய தில்லியின் அளவுக்கு அந்தப் பத்தாண்டு இட்ட அடித்தளம் சிறிதன்று.

2100ஐ நோக்கிய கணக்கு

நூற்றாண்டின் இறுதி வரை கணிக்கத் துணிந்தவர்களுள் கனடாவின் ஒன்டாரியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஹூர்ன்வெக், கெவின் போப் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். உலகின் 101 பெரிய நகரங்களை எடுத்துக்கொண்டு 2014இல் அவர்கள் செய்த கணக்கின்படி, 2050இல் முதலிடம் சுமார் 4.2 கோடி மக்களுடன் மும்பைக்கு உரியது. 2100இல் லாகோஸ் 8.8 கோடி, கின்ஷாசா 8.3 கோடி, தான்சானியாவின் தார் எஸ் சலாம் 7.4 கோடி என்று முதல் மூன்று இடங்களும் ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன. சூடானின் கார்ட்டூமும் நைஜரின் நியாமேயும் தலா 5.6 கோடியுடன் முதல் பத்தில் இடம்பெறுகின்றன.

நியாமே 2012இல் 10 லட்சத்தையொட்டிய மக்களைக் கொண்டிருந்த ஊர். அது ஐம்பது மடங்குக்கும் மேல் பெருகும் என்ற முடிவு, உலகிலேயே மிக உயர்ந்த பிறப்பு விகிதங்களுள் ஒன்றைக் கொண்ட நைஜரின் மக்கள்தொகை வளர்ச்சியும், நாட்டின் நகர மக்களில் தலைநகரம் பெற்றுள்ள பங்கும் பெரிதும் மாறாமல் தொடரும் என்ற எடுகோளிலிருந்து பிறக்கிறது. சகாராவின் விளிம்பில், நைஜர் ஆற்றின் நீரை நம்பியிருக்கும் ஒரு நகரம் அத்தனை மக்களுக்குத் தண்ணீரும் வேலையும் தர முடியுமா என்பது அந்த எடுகோளுக்கு வெளியே நிற்கும் கேள்வி. கார்ட்டூமின் நிலை இன்னும் தெளிவான பாடத்தைத் தருகிறது. 2023 ஏப்ரல் 15 அன்று அந்நகரிலேயே மூண்ட உள்நாட்டுப் போரால் இலட்சக்கணக்கானோர் வீடுகளை விட்டு ஓடினர். நூற்றாண்டுக் கணிப்பின் முதல் பத்துக்குள் வைக்கப்பட்ட ஒரு நகரம், பத்தாண்டு முடிவதற்குள் காலியாகத் தொடங்கியது.

நகரக் கணிப்புகளுக்கு அடியில் இருக்கும் நாட்டுக் கணிப்புகளே ஆட்டம் காண்பவை. 2100ஆம் ஆண்டின் நைஜீரியாவுக்கு ஐநா 2012இல் கணித்த மக்கள்தொகை ஏறத்தாழ 91 கோடி. 2022இல் அது 55 கோடியாகவும், 2024இல் 48 கோடியாகவும் திருத்தப்பட்டது. பிறப்பு விகிதம் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் குறைவதற்கான சான்றுகள் கிடைத்ததே இதற்கு முதன்மைக் காரணம். பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டுக்கான எண்ணே பாதியளவாகக் குறைந்திருக்கும்போது, அதன் மிகப்பெரிய நகரத்துக்கு முன்பு சொல்லப்பட்ட எண் மட்டும் அப்படியே நிற்காது. ஹூர்ன்வெக்கும் போப்பும் தம் எண்களை ஒரே முடிவாக முன்வைக்காமல், பல்வேறு சமூக, பொருளாதாரப் பாதைகளுக்கேற்ப மாறும் மதிப்புகளாகவே தந்தனர் என்பதும் இங்கே கூற வேண்டியது. செய்தித்தாள்களின் தலைப்புகளுக்கு வந்துசேரும்போது அந்த ‘ஆனால்’களும் ‘ஆயின்’களும் உதிர்ந்து, எண் மட்டும் மிஞ்சுகிறது.

எதை நம்பலாம்?

2025 பதிப்பின்படி, 2050இல் டாக்காவின் மக்கள்தொகை 5.21 கோடி, ஜகார்த்தாவினது 5.18 கோடி. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 3 லட்சம், அதாவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இருபது ஆண்டுக் கணிப்பில் ஒரு கோடிக்கு மேல் தவறிய அனுபவம் உள்ள துறையில், 3 லட்சத்தைக் கொண்டு முதலிடத்தைத் தீர்மானிப்பதற்கு அறிவியல் பொருள் எதுவும் இல்லை. ஜாவாவின் கடலோரம் நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதால் அமிழ்ந்துவருவதும், இந்தோனேசிய அரசு தலைநகரை போர்னியோவிலுள்ள நுசந்தாராவுக்கு மாற்ற 2022இல் சட்டம் இயற்றியிருப்பதும், வங்கதேசக் கடலோர மாவட்டங்களிலிருந்து புயலாலும் உப்புநீராலும் விரட்டப்படுவோர் டாக்காவை நோக்கி வருவதும், அந்த 3 லட்சத்தை எப்பக்கமும் பலமுறை புரட்டிவிடப் போதுமானவை.

எனினும் கணிப்பு பயனற்றது என்று முடிவுகட்டுவதும் பிழை. வரிசை எண்கள் நிலையற்றவையாக இருந்தாலும், அவற்றுக்கு அடியில் ஓடும் திசை நிலையானது. 1950இல் ஒரு கோடியைத் தாண்டிய நகரங்களாக நியூயார்க்கும் டோக்கியோவும் மட்டுமே எண்ணப்பட்டன. புதிய வரையறையின்படி அத்தகைய மாநகரங்கள் 1975இல் 8, 2025இல் 33, அவற்றில் 19 ஆசியாவில் உள்ளன. எந்த வரையறையை எடுத்தாலும், எந்த எடுகோளைக் கொண்டாலும், பெருநகரங்களின் எடை ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் விட்டு நகர்ந்து, முதலில் ஆசியாவுக்கும் பிறகு சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவுக்கும் செல்கிறது என்பதில் கணிப்பாளர்களிடையே கருத்துவேறுபாடு இல்லை. அங்கே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் ஆகப்போகிறவர்கள் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள் என்பதே இந்த உறுதிக்குக் காரணம். கருவள விகிதம் இன்றே வீழ்ந்தாலும், இளையோர் மிகுந்த மக்கள்தொகை இன்னும் சில பத்தாண்டுகளுக்கு வளர்ந்துகொண்டே இருக்கும். மக்கள்தொகையியலாளர் இதை மக்கள்தொகை உந்தம் என்பர். டோக்கியோவின் மக்கள்தொகை இனிச் சரியும் என்ற கணிப்பும் இதே வகையான உறுதியுடையது. ஜப்பானில் அடுத்த தலைமுறைக்குத் தாய்மார் ஆகக்கூடிய பெண்களின் எண்ணிக்கை ஏற்கெனவே சுருங்கிவிட்டது.

திட்டமிடுவோருக்குத் தேவைப்படுவது இந்தத் திசையும், அதைச் சூழ்ந்த ஏற்ற இறக்க வரம்புமே தவிர, துல்லியமாகத் தோன்றும் ஒற்றை எண்ணும் வரிசை எண்ணும் அல்ல. நியூயார்க் நகரத்தில் 1810இல் ஒரு லட்சத்துக்கும் குறைவானோரே வாழ்ந்தனர். அதற்கு அடுத்த ஆண்டில் அந்நகரின் ஆணையர்கள், மான்ஹாட்டன் தீவின் பெரும்பகுதியும் பண்ணைகளாகவும் காடாகவும் கிடந்தபோதே, அதன் மேல் 155ஆம் தெரு வரை சாலைகளை வரைபடத்தில் குறித்துவைத்தார்கள். அந்த நகரம் உலகின் முதல் நகரமாகும் ஆண்டு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. வளரும் என்பது மட்டும் தெரிந்திருந்தது, அதுவே போதுமானதாகவும் இருந்தது. வீடுகள் எழுந்த பிறகு சாலைக்கும் வடிகாலுக்கும் குழாய்களுக்கும் நிலம் தேடுவதைவிட, எழுவதற்கு முன் அதை ஒதுக்கிவைப்பது பன்மடங்கு மலிவானது. தார் எஸ் சலாம் 2100இல் ஏழு கோடியை எட்டினாலும், மூன்று கோடியோடு நின்றாலும், அதன் புறநகர்களில் இன்று ஒதுக்கப்பட வேண்டிய முதன்மைச் சாலைகளும் நீர்வழிகளும் ஏறத்தாழ ஒன்றே. மெக்சிகோ நகரத்தைப் பற்றிய கணிப்பு தவறியதால் அந்நகருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வராமல் போய்விடவில்லை. 1.8 கோடிப் பேருக்கே குழாய்கள் போதாத நிலையில், 3.1 கோடி என்ற எண் சரியா தவறா என்பது அங்கு வாழ்வோருக்கு இரண்டாம் நிலைக் கேள்விதான்.